ஸ்மைல் என்றால் எப்போதும் புன்னகைதானா?

அன்புள்ள ஐயா,

ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்கு நாலைந்து முறை ‘ஸ்மைல்’ வருகிறது. அகராதிப்படி எல்லா இடத்திலும் ‘புன்னகைத்தான்’, ‘புன்னகைத்தாள்’ என்று போட்டேன். படித்துப் பார்த்தால் எல்லோரும் நாடக மேடையில் நிற்பதுபோல் இருக்கிறது. ‘சிரித்தான்’ என்று எழுதினால் அது ‘லாஃப்’ ஆகிவிடும் என்கிறார் நண்பர். ‘கிரின்’, ‘ஸ்மர்க்’ என்று வேறு வருகின்றன. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நண்பர் ஆங்கிலக் கணக்கைத் தமிழில் போட்டுப் பார்க்கிறார். ஆங்கிலத்தில் சத்தம் வந்தால் லாஃப், வராவிட்டால் ஸ்மைல். தமிழில் ‘சிரி’ இரண்டுக்கும் பொது. கைக்குழந்தை சத்தமில்லாமல் உதட்டை விரித்தாலும் ‘குழந்தை சிரிக்கிறது’ என்றுதான் சொல்கிறோம். போட்டோ எடுப்பவர் ‘கொஞ்சம் சிரியுங்கள்’ என்றதும் யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. ‘புன்னகைத்தான்’ என்பதோ எழுத்தில் மட்டுமே புழங்குவது. பக்கத்துக்கு நாலைந்து முறை வந்தால் நாடகம்போல்தான் இருக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. ‘அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்’ என்றால் நட்பா, கேலியா? ஆங்கிலத்தில் ஸ்மைல் என்றால் பெரும்பாலும் நட்பு, லாஃப் என்றால் பெரும்பாலும் கேலி. தமிழில் முன்பின் தெரியாமல் சொல்ல முடியாது. அங்கே புன்னகையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ‘சிநேகமாகச் சிரித்தான்’ என்றாலும் போதும்.

கிரின் என்பது பழைய ஆங்கிலத்தில் வலியிலோ கோபத்திலோ பல்லைக் காட்டுவது. இன்று அது பெரும்பாலும் மகிழ்ச்சிக்குப் போய்விட்டது. அதற்காக ‘இளித்தான்’ என்று போட்டுவிடாதீர்கள்; அந்தச் சொல்லில் இழிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரிசு வாங்கிய பையன் இளிக்க மாட்டான், வாயெல்லாம் பல்லாக நிற்பான்.

ஸ்மர்க்கின் கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் சாதாரணமாகச் சிரிப்பதற்கே அதுதான் சொல். 1300 வாக்கில் ஸ்மைல் எழுத்தில் தலைகாட்டியது. ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். புதியவர் வந்து உட்கார்ந்துவிட, பழையவர் மதிப்பிழந்து, தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் சிரிப்பாகச் சுருங்கிவிட்டார். ‘நமட்டுச் சிரிப்பு’ என்று எழுதுங்கள், பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். (ஸ்மைலும் சம்ஸ்கிருத ‘ஸ்மித’மும் ஒரே வேரில் பிறந்தவை. நம் பழைய உரைநடைக்காரர்கள் ‘மந்தஸ்மிதம்’ என்று எழுதினார்கள். உங்கள் கதைக்கு அது வேண்டாம்.)

அதிர்ஷ்டம் ஒருவனைப் பார்த்து ஸ்மைல் செய்வதாக வந்தால் சிரிப்பையே விட்டுவிடுங்கள். நம் ஊர்க் கடவுள் கண் திறப்பார், அல்லது அதிர்ஷ்டம் அடிக்கும்.

இன்னொன்று. ஆங்கிலக் கதைகளில் பல ஸ்மைல்கள் உரையாடலுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொள்ளச் செருகப்படுபவை. அவற்றில் சிலவற்றைத் தயங்காமல் வெட்டலாம். மூலத்துக்குத் துரோகம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ‘அடடே, வந்துவிட்டாயா!’ என்ற சொல்லிலேயே அவள் முகம் தெரிகிறதே. அதன்பின் ‘என்று புன்னகைத்தாள்’ எதற்கு? ‘என்றாள்’ போதும்.