பறவையா, ஆளா?

கேள்வி: மலேசியாவிலிருந்து மாமா அனுப்பிய படத்தில் கெரிஸ் கத்தியின் பிடி கூனிய ஆள் போலவும் இருக்கிறது, பறவை போலவும் இருக்கிறது. எது சரி?
– வாசகி, முள்ளியவளை

பதில்: ஆள்தான், பிள்ளை. ‘ஜாவா டெமாம்’ என்பார்கள். காய்ச்சலில் கைகட்டிக் குறுகி இருப்பவன். ஜாவாவின் பழைய சிறு கெரிஸ்களில் பிடியும் கத்தியின் அலகும் ஒரே இரும்பு, பிடி அப்படியே மனித உருவம். இஸ்லாம் பரவிய பிறகு மலாய்க் கரைகளில் முகம் மெல்ல இலையும் கொடியுமாகக் கரைந்துபோனது என்று சொல்வார்கள். எனக்கும் அது பொருத்தமாகத்தான் படுகிறது. இந்து சமயம் நிலைத்த பாலியில் தெய்வமும் அரக்கனும் இன்றும் பிடியிலிருந்து கண்ணை உருட்டுகிறார்கள். பறவை வேண்டுமென்றால் தாய்லாந்தின் தெற்கில் உள்ள பட்டாணி ஊர்ப் பக்கத்து ‘தாஜோங்’ பிடியைப் பாருங்கள். நீண்ட மூக்கு. சனம் அதை மீன்கொத்தி என்கிறது; பல்லைப் பார்த்தால் அதுவும் அரக்கன்தான்!

நான் முதிரை மரத்தில் போடும் காட்டுக்கத்திப் பிடி நேரானது, வெட்டுவதற்கு. கெரிஸ் குத்துவதற்கு, அதனால்தான் அந்த வளைவு. அலகின் வாலில் துணி சுற்றிப் பிடியின் துளையில் இறுக்குவார்கள், ஆணி கிடையாது. சரி, பிடியும் அலகும் சேரும் இடத்து உலோக வளையத்தைக் கிட்டவைத்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.