72 லட்ச ரூபாய் கார்: ஊர் ஏன் பேசுகிறது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன் சார். சொந்தப் பெயரில் நடக்கும் தொழில், 40 பேர் வேலை செய்கிறார்கள். ஆன்ரோடு 72 லட்சத்துக்கு ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறேன். 20 லட்சத்தை சிசி கணக்கிலிருந்து (தொழில் செலவுக்கு பேங்க் தரும் கடன் கணக்கு) எடுத்துவிட்டு, மீதிக்கு லோன் போடலாம் என்று எண்ணம். கம்பெனிக் கணக்கில் வாங்கினால் வரி மிச்சம் என்கிறார்கள். ஆனால் சாயப்பட்டறைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு 14 லட்சம் பாக்கி, பில் போட்டு 70 நாள் ஆகிறது. அம்பானி வீட்டுக் கல்யாணத்தை ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. நான் ஒரு கார் வாங்கினால் மட்டும் ஏன் இந்தப் பேச்சு?

பதில்: அம்பானி வீட்டுக் கல்யாணத்தை மட்டும் பேசாமலா விட்டார்கள்? 2024 ஜூலையில் கல்யாணம். அதே மாதத் தொடக்கத்தில் ஜியோ கட்டணம் ஏறியது. கல்யாணச் செலவு நம் ரீசார்ஜில்தான் போகிறது என்று மீம்ஸ் பறந்தது. கணக்குப்படி இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 'இது யார் காசு?' என்பதுதான் எல்லாருடைய கேள்வியும்.

உங்கள் சாயப்பட்டறைக்காரர் கேட்பதும் அதேதான். அவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமையும் இருக்கிறது.

2025 ஏப்ரலில் ஜென்சால் நிறுவனம் பற்றி பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி போட்ட இடைக்கால உத்தரவு ஞாபகம் இருக்கும். மின்சாரக் கார் வாங்க எடுத்த கடன் பணம் சுற்றி வந்து குருகிராமில் சொகுசு வீடாகவும், 26 லட்ச ரூபாய் கோல்ஃப் செட்டாகவும் மாறியதாக அதில் சொல்லியிருந்தார்கள். சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால் அந்தச் செட்டை யார் கவனித்திருக்கப் போகிறார்கள்? உங்கள் சிசி பணமும் நூலுக்கும் கூலிக்கும் என்று பேங்க் கொடுத்தது. அதைக் காருக்கு எடுத்தால் தொகை சின்னது என்பதைத் தவிர வித்தியாசம் இல்லை.

சரி, வரி மிச்சத்துக்கு வருவோம். காருக்கு வருடத் தேய்மானம், அதாவது வண்டி பழசாவதற்காகக் கணக்கில் எழுதும் செலவு, 15 சதவீதம். முதல் வருடம் தோராயமாக 10 லட்சத்தைச் செலவாக எழுதலாம். நீங்கள் 30 சதவீத வரி கட்டுபவர் என்றால் மிச்சம் 3 லட்சம். வீட்டு உபயோகத்துக்கு ஒரு பங்கைக் கழித்தால் இன்னும் குறையும். உங்கள் தொழிலில் இந்தக் காருக்கு ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டும் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைப் பின்னால் கழித்துக்கொள்வது) கிடையாது.

இப்போது அந்த 14 லட்சத்தைப் பாருங்கள். பட்டறை குறு, சிறு நிறுவனமாக அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்திருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் போயாக வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31 வரை நிலுவையில் நின்றால், அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்கலாம். அதாவது இந்த வருடம் 4.2 லட்சம் கூடுதல் வரி. 3 லட்சம் மிச்சம் பிடிக்கப் போய் 4.2 லட்சம் கட்டுவீர்களா? காரைப் பற்றிப் பேசும் எவரும் இதைச் சொல்வதில்லை.

52 லட்சம் லோனுக்கு 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை 1.08 லட்சம். டிரைவர், இன்சூரன்ஸ், சர்வீஸ் தனி. ஆர்டர் குறைந்த மாதத்திலும் சனிக்கிழமை சம்பளக் கவர் போட்டாக வேண்டும். 2025 ஆகஸ்டில் நம் சரக்குக்கு அமெரிக்கா போடும் இறக்குமதி வரி 50 சதவீதமானபோது, சிசியில் இடம் மிச்சம் வைத்திருந்தவர்கள்தான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

காரே வேண்டாம் என்று சொல்லவில்லை. (என் வண்டிக்குப் பதினொரு வயது, அந்தப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள்.) முதலில் பட்டறை பாக்கியைத் தீருங்கள். அப்புறம் ஆறு மாதம், தவணை கட்டுவதாக நினைத்துக்கொண்டு 1.08 லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். அந்த ஆறு மாதத்தில் ஒரு சனிக்கிழமை சம்பளமும், ஒரு ஜாப் ஒர்க் பில்லும் (சாயம் மாதிரி வெளியில் கொடுத்துச் செய்யும் வேலைக்கான பில்) தள்ளிப் போகவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். முன்பணம் லாபத்திலிருந்து நீங்கள் எடுக்கும் பணமாக இருக்கட்டும், சிசியைத் தொட வேண்டாம். செப்டம்பருக்குள் வண்டி கைக்கு வருவது போலப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 31-க்குள் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் அந்த வருடம் தேய்மானம் பாதிதான்.