இன்ஜின் ரீபில்ட் செய்த பிறகு டேப்பெட் சத்தம் ஏன் வருகிறது?

பயந்து உடனே இன்ஜினைப் பிரிக்காதீர்கள். டேப்பெட் என்பது இன்ஜின் வால்வைத் திறக்க உதவும் பாகம். உங்களுடையது ஆயில் பிரஷரால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட்டா, கையால் அட்ஜஸ்ட் செய்யும் வகையா என்று முதலில் பாருங்கள்.

ஹைட்ராலிக் என்றால் உள்ளே காற்று மாட்டியிருக்கும். ஆயில் பிரஷர் சரியாக இருந்தால், இன்ஜின் சூடாகி ஆயில் நிறைந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். பிரஷர் குறைவாக இருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

அட்ஜஸ்ட் செய்யும் வகையில், வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள கேப்தான் (இடைவெளி) காரணமாக இருக்கும். ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) போல்ட்டை மறுபடி டைட் செய்தால் கேப் மாறிவிடும்; பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். மேனுவலில் சொன்னபடி, குளிர்ந்த நிலையிலோ சூடான நிலையிலோ மட்டும் அளவெடுங்கள். ஃபீலர் கேஜ் (கேப்பை அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடிப்போடு, வெண்ணெயில் கத்தி இழுப்பதுபோல் வர வேண்டும். 8 வால்வு உள்ள பல 4 சிலிண்டர் இன்ஜின்களில் ஒரு எளிய கணக்கு உண்டு: 1-வது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 8-வதை அட்ஜஸ்ட் செய்யுங்கள், 2 என்றால் 7, கூட்டினால் எப்போதும் 9.

பழைய ராக்கரையே மாட்டியிருந்தால் அதன் முனையை விரலால் தடவிப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் கேஜ் பொய் சொல்லும், சத்தமும் நிற்காது. சத்தத்தை அடக்கவென்று மட்டும் கேப்பைக் குறைக்காதீர்கள், தயவுசெய்து. வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். அதற்கு லேசான டக் டக் எவ்வளவோ மேல்.