கறுப்பாகப் பிடிக்கும் கோன்

கேள்வி: அக்கா கல்யாணத்துக்குக் கடையில் மருதாணி கோன் வாங்கி எல்லோரும் வைத்துக்கொண்டோம். அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தது. ஒரு வாரம் கழித்து எனக்கு மட்டும் டிசைன் போட்ட இடமெல்லாம் தடித்து, நீர் கோத்து, தாங்க முடியாத அரிப்பு. இப்போது கொப்புளம் அடங்கிவிட்டது, ஆனால் பூவும் கொடியுமாகக் கருமை அப்படியே நிற்கிறது. கவரில் 'முழுக்க மூலிகை' என்றுதான் போட்டிருந்தது. மருதாணி இப்படிச் செய்யுமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: மருதாணியே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, ஆனால் மிகக் குறைவு. உங்கள் விஷயத்தில் இலை மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. இலையில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருள், தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டித்தான் நிறம் தருகிறது. அதற்குச் சில மணி நேரம் வேண்டும், கழுவியதும் ஆரஞ்சாகத்தான் இருக்கும், ஓரிரு நாளில்தான் அரக்குச் சிவப்பாக ஏறும். அரை மணியில் கரியாகப் பிடித்தால் பெரும்பாலும் அதில் ஹேர் டையில் போடும் பிபிடி, அதாவது பாரா ஃபினைலீன் டைஅமைன், கலந்திருக்கும். ஐரோப்பாவில் தலைச்சாயத்திலேயே இது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தோலில் பூச அனுமதியே கிடையாது. கவரில் 'மூலிகை' என்று அச்சடிப்பது சுலபம்!

ஒரு வாரம் ஏன் ஆனது என்றால், புதிதாக வந்த பொருளை உடம்பு எதிரியாக அடையாளம் காண அவ்வளவு நாள் பிடிக்கும். ஒருமுறை கண்டுகொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது, அடுத்த தடவை ஓரிரு நாளிலேயே பொங்கிவிடும். அதனால் இனி உங்களுக்குக் கறுப்பு ஹேர் டை ஆகவே ஆகாது, 'ஹென்னா' என்று பெயர் போட்ட கறுப்புச் சாயப் பாக்கெட்டும் அப்படித்தான், பல பாக்கெட்டுகளில் பிபிடிதான் இருக்கிறது. பார்லரிலும் சொல்லிவையுங்கள், பல் டாக்டரிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் பென்சோகெய்ன் போன்ற சில மரப்பு மருந்துகளும் இதோடு சேர்ந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவரும் அதையே மறுபடி வாங்க வேண்டாம்.

சரி, தழும்புக்கு வருவோம். அழற்சி போன இடத்தில் நிறம் கூடுவதும் குறைவதும் சகஜம், பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும், முழுக்கை போடுங்கள். எலுமிச்சை தேய்க்காதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம், தோல் மெலிந்துவிடும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: வீட்டு மரத்து இலையை அரைத்து ஐந்து மாதக் குழந்தைக்கு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு, கலப்படமே இல்லாத மருதாணியும் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம், அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை. ஏற்கெனவே வைத்திருந்து, குழந்தையின் கண் மஞ்சளாகவோ சிறுநீர் கறுத்தோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.