டோரோவுக்கு ஒரு நாள்: காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள்

செப்டம்பரில் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரிலிருந்து ஒரே நாளில் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு, வாடகைக் காரில் மூன்று ஒயின் தோட்டங்கள், கூடவே மது தொடாத அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று ரொம்ப அதிகம், ஒன்று போதும். அதோடு காரை ஓட்டுபவர் எப்படிச் சுவைத்துப் பார்ப்பார்?

காலை ரயிலில் அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள பின்யாவோ என்ற சிற்றூருக்குப் போங்கள், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வலப்பக்கம் உட்காருங்கள், முதல் ஒரு மணி நேரம் சாதாரண ஊர்கள்தான், அப்புறம் தண்டவாளம் ஆற்றங்கரைக்கு இறங்கி, கடைசிவரை தண்ணீரை ஒட்டியே போகும், எதிர்க்கரையில் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகத் திராட்சைக் கொடிகள். பின்யாவோ நிலையச் சுவரில் அறுவடைக் காட்சிகள் வரைந்த நீல ஓடுகளைப் பார்க்காமல் வெளியே வராதீர்கள்.

அம்மாவுக்கு ரபேலோ படகுச் சவாரி பிடிக்கும், முன்பு போர்ட் என்ற இந்தப் பகுதியின் இனிப்பு ஒயின் பீப்பாய்களை ஏற்றிப்போன படகு வகை அது. செப்டம்பர் அறுவடைக் காலம், அதனால் தோட்டத்துக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே ஒன்றைப் பிடியுங்கள், மதிய வெயில் கொளுத்தும். திரும்பும் ரயில் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள், ரயில்கள் குறைவு.