ஐ7-ஆ, 16 ஜிபி ரேமா?

கேள்வி: கணினி அறிவியல் படிக்கவிருக்கும் என் மகளுக்கு, ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு மடிக்கணினிகளைக் கடையில் காட்டினார்கள். ஒன்றில் இன்டெல் நிறுவனத்தின் 11ஆம் தலைமுறை ஐ7 செயலியும் 8 ஜிபி ரேமும், மற்றொன்றில் 12ஆம் தலைமுறை ஐ5 செயலியும் 16 ஜிபி ரேமும் உள்ளன. எதை வாங்கலாம்? – வாசகி, திருநெல்வேலி

பதில்: இரண்டாவதையே வாங்குங்கள். ஐ7 என்ற பெயரை மட்டும் வைத்துச் செயலியின் திறனை முடிவுசெய்ய இயலாது. 11ஆம் தலைமுறையின் ஐ7-1165ஜி7 செயலியில் 4 கோர்களே (செயலிக்குள் கணக்கிடும் தனித்தனி அலகுகள்) உள்ளன, ஆனால் அடுத்த தலைமுறையின் ஐ5-1235யு செயலியில் 10 கோர்கள் உள்ளன (அவற்றுள் 8 கோர்கள் மின்சிக்கனத்துக்கான சிறியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்). எனவே, கடைக்காரரிடம் செயலியின் முழு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட முக்கியமானது, திறந்திருக்கும் மென்பொருள்கள் பயன்படுத்தும் தற்காலிக நினைவகமான ரேம். விண்டோஸ் 11 இயங்க 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் குறிப்பிட்டாலும், மொபைல் ஆப்களை உருவாக்க உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போன்ற மென்பொருளையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் 8 ஜிபி விரைவில் நிரம்பி, கணினி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் ஒரு பகுதியைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்குவதால் வேகம் குறைந்துவிடும். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாலும், மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்.

எஸ்எஸ்டி 512 ஜிபி இருந்தால் நல்லது. விளையாட்டு, முப்பரிமாண வடிவமைப்பு போன்ற தேவை இல்லையென்றால், தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் திரையுள்ள மாடலைக் கேளுங்கள்.