வாக்காளர் கேள்வி பதில்: ஓட்டுப் போடும் முன் வேட்பாளரைப் படியுங்கள்

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாமே? எங்கே கிடைக்கும்? அத்தனை பக்கங்களில் எதைத்தான் பார்ப்பது?
– கல்லூரி மாணவி, திருச்சி

தாராளமாகப் பார்க்கலாம். வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு விவரங்களைத் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பலன்தான் வேட்புமனுவுடன் இணைக்கப்படும் ‘படிவம் 26’ என்ற இந்தப் பிரமாணப் பத்திரம். தேர்தல் ஆணைய இணையதளத்தில் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு. ஆணையத்தின் செயலியிலும் கிடைக்கும். இணைய வசதி இல்லையென்றால், தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலக அறிவிப்புப் பலகையில் பார்க்கலாம். மனுவை வாபஸ் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்பது சட்டம். படிப்பதற்கு அந்த அவகாசம் போதும்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. கடைசியில் இருக்கும் சுருக்கப் பகுதியை முதலில் பாருங்கள். மொத்தச் சொத்து, கடன், வழக்குகளின் எண்ணிக்கை எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு முன்பகுதிக்கு வந்து மூன்று விஷயங்களை நிதானமாகப் பாருங்கள்.

ஒன்று, ஐந்து ஆண்டு வருமானம். வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகை, வேட்பாளருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் தனித்தனியாக இருக்கும். ஐந்தாண்டுத் தொகையைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் முந்தைய தேர்தலிலும் நின்றிருந்தால் அப்போதைய பத்திரத்தையும் எடுத்து, இரண்டுக்கும் இடையே சொத்து எவ்வளவு கூடியிருக்கிறது என்று கணக்கிடுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ‘சொத்து மூன்று மடங்கு’ என்ற தலைப்பைப் பார்த்ததுமே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பழைய நிலத்தின் சந்தை மதிப்பு ஏறியிருந்தாலும் தொகை கூடும், அது தப்பில்லை. அசையா சொத்துப் பட்டியலில் சர்வே எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா, வாங்கிய தேதி, வாங்கிய விலை என எல்லாம் இருக்கும். பதவியில் இருந்த ஆண்டுகளில் புதிதாக வாங்கியவை எவை என்று மட்டும் பிரித்தெடுத்து, அந்த விலையை வருமானத்தோடு ஒப்பிடுங்கள். நகையை ரூபாயில் ஒப்பிடாமல் எடையில் ஒப்பிடுங்கள். தங்கத்தின் விலை ஏறும். கிராம் தானாக ஏறாது.

இரண்டு, கடனும் நிலுவையும். வங்கிக் கடனோடு அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கிகளும் இங்கே வரும். சொத்து வரி, வருமான வரி, அரசு வீட்டில் குடியிருந்திருந்தால் வாடகை, மின்சாரம், குடிநீர்க் கட்டணம் எல்லாம் இதில் சேரும்.

மூன்று, தொழிலும் வருமானத்தின் மூலமும், அரசு ஒப்பந்தங்களும். வேட்பாளருக்கோ துணைக்கோ அரசு ஒப்பந்தம் இருந்தால் அதையும் எழுத வேண்டும். இந்தப் பகுதியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மற்ற இரண்டையும்விட முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து. எங்கிருந்து பணம் வருகிறது என்று தெரிந்தால், யாருடைய பேச்சைக் கேட்பார் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

பத்திரத்தில் பொய் எழுதினால் மனுவைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

மாட்டார்கள். எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்றுதான் அலுவலர் பார்ப்பார். எழுதியது உண்மையா என்று விசாரிப்பது பரிசீலனையில் வராது. வெற்றிடம் விடக்கூடாது, ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்றாவது எழுத வேண்டும், நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொய்த் தகவலுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125-ஏ பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். பத்திரத்தை மறுத்து எதிர்ப் பிரமாணப் பத்திரம் கொடுக்கவும் வழி உண்டு. அதையும் மக்கள் பார்வைக்கு வைப்பார்கள்.

பத்திரத்தில் வராதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தன்னைச் சார்ந்திருப்பவர்களின் சொத்தை மட்டும்தான் வேட்பாளர் காட்ட வேண்டும். தனி வருமானம் உள்ள மகன், மகள், சம்பந்தி வீட்டார் பெயரில் இருப்பவை இதில் வரா.

எல்லார் மேலும்தான் வழக்கு இருக்கிறது. அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?
– பால் வியாபாரி, ஈரோடு

வழக்குகளை எண்ணிப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. எந்தச் சட்டப் பிரிவு, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தால் நிறையத் தெரியும்.

சாலை மறியல், தடையை மீறிய கூட்டம் போன்றவற்றுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 என்று பிரிவுகள் வரும். போராட்ட அரசியலில் இருப்பவர் மீது இப்படிப் பத்து வழக்கு இருந்தாலும் வியப்பில்லை. 302 கொலை, 307 கொலை முயற்சி, 376 பாலியல் வன்கொடுமை, 420 மோசடி. இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் நின்று யோசிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் வந்துவிட்டதால் புதிய வழக்குகளில் எண்கள் மாறியிருக்கும். கொலைக்கு 103, கொலை முயற்சிக்கு 109, மோசடிக்கு 318. ஊழல் தடுப்புச் சட்டம் என்ற பெயர் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

அடுத்தது கட்டம். முதல் தகவல் அறிக்கை என்பது புகார் பதிவானதற்கு அடையாளம், அவ்வளவுதான். போலீஸ் விசாரித்து முடித்தால் குற்றப்பத்திரிகை. நீதிபதி ஆவணங்களைப் பார்த்து, விசாரணைக்கு முகாந்திரம் உண்டு என்று கருதினால் குற்றச்சாட்டு பதிவு. மூன்றாவது கட்டத்தை எட்டிய வழக்குக்குக் கனம் அதிகம். குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா என்று படிவத்திலேயே தனிக் கேள்வி உண்டு. வழக்கு எண்ணும் நீதிமன்றத்தின் பெயரும் இருப்பதால், நீதிமன்றங்களின் ‘இ-கோர்ட்ஸ்’ இணையதளத்தில் போட்டு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று இலவசமாகப் பார்க்கலாம்.

வழக்கு உள்ள வேட்பாளர் பிரசார காலத்தில் மூன்று முறை அதை விளம்பரப்படுத்த வேண்டும். அப்படிப்பட்டவரை ஏன் நிறுத்தினோம் என்ற காரணத்தைக் கட்சியும் வெளியிட வேண்டும். ‘ஜெயிப்பார்’ என்பது மட்டும் காரணமாகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். வேறு நல்ல வேட்பாளர் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கும் கட்சி அதில் காரணம் சொல்ல வேண்டும்.

தேர்தல் அறிக்கைகளை எப்படி நம்புவது?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

முதலில், அந்த வேலை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ரயில் நிறுத்தம் ஒன்றிய அரசின் கையில். காவல் துறை, பொதுச் சுகாதாரம் மாநிலத்தின் கையில். தெருவிளக்கும் சாக்கடையும் உள்ளாட்சியின் வேலை. சட்டமன்ற வேட்பாளர் ரயில் கொண்டுவருவேன் என்றால், வலியுறுத்துவேன் என்று மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். ஒரு கோடி குடும்பத்துக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000 கோடி. இது ஒருமுறைச் செலவல்ல, ஆண்டுதோறும் வரும். அந்தத் தொகையை மாநில பட்ஜெட்டின் மொத்த வருவாயோடு வைத்துப் பாருங்கள். வாக்குறுதிகளுக்கான நிதியை எப்படித் திரட்டப் போகிறோம் என்று அறிக்கையில் கோடிட்டாவது காட்ட வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. அந்த வரி எந்த அறிக்கையில் இருக்கிறது, எதில் இல்லை என்பதே நல்ல அளவுகோல்.

இப்போது இருக்கும் எம்.பி. வேலை செய்தாரா என்று எப்படித் தெரியும்?
– வாசகர், தேனி

வருகைப் பதிவு, எழுப்பிய கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள் எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கின்றன. அவர் அமைச்சராக இருந்திருந்தால் இந்த அளவுகோல் பொருந்தாது. அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை, வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்திடுவதில்லை. கேள்விகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, உங்கள் தொகுதியைப் பற்றிய கேள்விகளுக்கு வந்த பதில்களைப் படியுங்கள். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. அதில் எந்தெந்தப் பணிகளைப் பரிந்துரைத்தார், எவை முடிந்தன என்று ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம்.

காசு கொடுத்துச் சத்தியமும் வாங்கிவிட்டார்கள். மாற்றிப் போட்டால் பாவமில்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

இல்லை அம்மா. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. குற்றத்துக்காகக் கேட்டு வாங்கிய சத்தியம் உங்களைக் கட்டுப்படுத்தாது. யாருக்குப் போட்டீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். நீங்கள் போட்ட ஓட்டைக் காட்ட விவிபாட் இயந்திரம் அச்சிடும் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்துவிட்டு, வெட்டுப்பட்டு உள்ளே விழுந்துவிடும். அதில் உங்கள் பெயரும் இருக்காது, வாக்காளர் எண்ணும் இருக்காது. பணம் கொடுப்பதைக் கண்டால் தேர்தல் ஆணையத்தின் ‘சி-விஜில்’ கைப்பேசி வசதியில் படம் பிடித்து அனுப்பலாம்; பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்க முடியும்.

நோட்டா அதிகம் வந்தால் மறுதேர்தலா?
– வாசகர், வேலூர்

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் இல்லை. நோட்டா முதலிடம் பிடித்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே வென்றவர்.

ஒரே பெயரில் பலர் நிற்கிறார்கள். குழப்பமாக இருக்கிறதே?
– வாசகி, ராமநாதபுரம்

2024-ல் உங்கள் தொகுதியில் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள். வரிசை எண், படம், சின்னம் மூன்றையும் பார்த்துக்கொண்டு போங்கள். இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் வருவார்கள். பட்டனை அழுத்தியதும் விவிபாட் சீட்டில் அதே எண்ணும் பெயரும் சின்னமும் தெரிகின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் அறையை விட்டு வெளியேறும் முன்பே வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். எழுத்துமூலம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு சோதனை ஓட்டுப் போடச் சொல்வார். புகார் பொய்யென்றால் தண்டனை உண்டு என்பதால், கண்ணால் பார்த்தது உறுதியாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.